வெறுங்கையாய் அனுப்பலாகாது: தோல் தொழிற்பகுதியில் வீடற்ற வளரிளம் பருவத்தினரும் திருச்சபையின் பொறுப்பும்

ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தில் வீட்டைவிட்டு அனுப்பப்படும் இஸ்மவேலை நாம் பெரும்பாலும் ஒரு சிறு குழந்தையாகவே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் நூல் தரும் கணக்கு வேறு. அவன் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. ஈசாக்கு பால் மறந்த பின்னரே இந்த வெளியேற்றம் நிகழ்கின்றது. ஆகவே அப்பொழுது இஸ்மவேல் ஏறக்குறைய 16 அல்லது 17 வயதுடைய இளைஞனாக இருந்திருத்தல் வேண்டும். அவனுக்கும் அவன் தாய் ஆகாருக்கும் கொடுக்கப்பட்டவை சிறிது அப்பமும் தோலாலான ஒரு தண்ணீர்த் துருத்தியுமே. துருத்தியில் இருந்த நீர் எத்தனை நாளுக்குப் போதும் என்று அனுப்பியவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீர் தீர்ந்ததும் பிள்ளை செடியின்கீழ் விடப்பட்டான். பிள்ளையின் குரலைக் கடவுள் கேட்டார் என்று நூல் கூறுகின்றது.

இப்பகுதியின் முடிவை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். துரவு கண்ணில் பட்டதோடு கதை முடிந்துவிடவில்லை. அவன் குடியிருக்க ஓர் இடம் ஏற்பட்டது; வில்வித்தை என்னும் ஒரு தொழில் அவன் கைக்கு வந்தது; ஏற்ற காலத்தில் தாய் அவனுக்கு மணம் முடித்து உறவை உண்டாக்கினாள். இவையாவும் நிகழும் வரை கடவுள் அவனோடிருந்தார். உறைவிடம், கல்வி, வாழ்க்கைத் திறன் என்று இன்றைய சமூகப் பணியாளர் வகுத்துக் கூறும் மூன்றும் இங்கே அடங்கியுள்ளன; இவற்றை இணைக்கும் நீடித்த உறவும் உடன் காணப்படுகின்றது.

பாலாற்றுக் கரையின் தோல் தொழிற்பகுதியில் வீடின்றி வளரும் இளையோருக்குத் திருச்சபை ஆற்ற வேண்டிய பணி யாது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கலையை நம் சபைகள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. அவர்களை நிறைவாக அனுப்பிவைக்கும் கலையை இன்னும் சரிவரக் கற்கவில்லை என்பதே இதன் மையக் கருத்தாகும்.

1. வீடின்மை தோன்றும் விதம்

2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்துள்ளது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் மாறிக் குரோமிய முறை வந்தது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அதன் விளைவாக முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. ஊரார் வழக்கில் 'தோல் ஷாப்பு' ஆண்களின் இடமாயிற்று. 'ஷூ கம்பெனி' பெரிதும் பெண்களின் இடமாயிற்று. மறுபுறம் கழிவுநீரால் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வற்புறுத்தியது.

நிலத்தை நம்பி வாழ முடியாத குடும்பம் கூலியை நம்புகின்றது. கூலியை நம்பும் குடும்பத்தில் தந்தையின் நோயோ சாவோ குடியோ கடனோ நேர்ந்தால், முதலில் சிதறுபவர் பிள்ளைகளே. சிறுவர்களைப் பாட்டியோ சித்தியோ சேர்த்துக்கொள்வர். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளையோ 'வேலைக்குப் போகக்கூடியவன்' என்று எண்ணப்படுகின்றான். அவனுக்குச் சோறு போட எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது சொல்லாமலே விளங்கும் வழக்கமாகிவிடுகின்றது.

இவர்கள் அனைவரும் தெருவில் படுத்துறங்குவதில்லை. ஆகவே நம் கண்ணில் படுவதுமில்லை. சென்னை, பெங்களூர், திருப்பதி, விழுப்புரம் எனப் பல திசைத் தடங்கள் கூடும் காட்பாடிச் சந்திப்பிலும், சேலம், பெங்களூர்த் தடங்கள் பிரியும் சோலையார்பேட்டைச் சந்திப்பிலும் சிலரைக் காணலாம். வேறு சிலர் உணவு விடுதிகளிலும், வேலூர் மருத்துவமனையை நாடி வருவோர் தங்கும் விடுதிகளிலும் வேலை செய்து அங்கேயே உறங்குகின்றனர். பெண் பிள்ளைகளின் வீடின்மை இன்னும் மறைவானது. உறவினர் வீட்டில் ஊதியமற்ற வேலைக்காரியாகவோ, கோவை, திருப்பூர்ப் பகுதி நூற்பாலை விடுதிகளில் தங்கி உழைப்பவளாகவோ, உரிய வயதிற்கு முன்னரே மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவளாகவோ அவள் இருப்பாள். வேலை போனால் கூரையும் போகும் என்னும் நிலையில் உள்ள எவரும் வீடற்றவரே.

வேலையிடமே உறங்குமிடமாவதன் அபாயத்தை 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் நேர்ந்த விபத்து உணர்த்தியது. தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் அதிகாலையில் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிய தொழிலாளர் அச்சேற்றில் மூழ்கினர். 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2. சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் இடைவெளியும்

இப்பணியில் ஈடுபடும் குருமார் சட்டத்தின் அமைப்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையிலேயே தோல் பதனிடுதலும் பீடி சுற்றுதலும் இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத்திற்கு உதவுதல் போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதிற்குட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. 14 முதல் 18 வயது வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதையும் தடுத்தது. 2010 முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரைக்குமே பொருந்தும். ஆகவே 14 வயது நிரம்பியவனைப் பள்ளியில் வைத்திருக்க அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில்தான் பெரும்பாலோர் கைநழுவிப் போகின்றனர்.

அடுத்த இடைவெளி 18ஆம் வயதில் திறக்கின்றது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இல்லத்தில் வளரும் பிள்ளை 18 வயது நிரம்பியதும் குழந்தை என்னும் நிலையை இழக்கின்றது. பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ இல்லாதவருக்கு மருத்துவர் எலும்பு வளர்ச்சியைக் கொண்டு மதிப்பிடும் வயதே சட்டபூர்வ வயது. ஆக, யாரோ மதிப்பிட்டெழுதிய ஒரு நாளில் ஓர் இளைஞனின் கூரை அகன்றுவிடக்கூடும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் அளிக்க வகை செய்தது. அதற்கும் 18 வயதே எல்லையாக வைக்கப்பட்டது.

இவ்விடைவெளியைச் சட்டம் முற்றிலும் மறந்துவிடவில்லை. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்தைவிட்டுச் செல்வோருக்குப் பின்பராமரிப்பு அளிக்க வகை செய்கின்றது. 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் 21 வயது வரையிலும், தனிச் சூழ்நிலைகளில் 23 வயது வரையிலும் இதனை நீட்டிக்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து வாழும் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, வேலை கிடைக்கும் வரை ஆதரவு, ஆலோசகரின் துணை ஆகியவை அவற்றுள் குறிப்பிடப்படுகின்றன. ஆயினும் சட்டம் வீட்டுக்கு வாடகை தரலாமேயன்றி, அந்த வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் அண்ணனையோ அக்காளையோ தர இயலாது. திருச்சபையின் இடம் இங்கேதான்.

3. இப்பகுதியின் முன்னோடிகள்

இப்பகுதிக்கு இப்பணி புதிதன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் முறையை உருவாக்கினார். ஆனால் கை சீரானவர்கள் மீண்டும் இடர்ப்பட்டனர். முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள் இப்போது இடவில்லை; வேலை கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் இல்லை. மருத்துவம் ஒரு கையைத் திருத்தியது. அக்கையை உடையவருக்கு வாழ இடமில்லை. இதனை உணர்ந்து 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே மண் சுவர் வீடுகளுடன் நவஜீவ நிலையம் ஏற்படுத்தப்பட்டது. அங்கே இளைஞர் பலர் ஒருங்கே தங்கித் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்தலும் கற்றனர். வலி தெரியாத கையைக் காயமின்றிக் காத்துக்கொள்ளும் அன்றாடப் பழக்கத்தையும் அங்கேயே பயின்றனர். உடன் வாழ்ந்ததனால்தான், காயங்கள் நோயினால் மட்டுமன்றி அன்றாட வேலையிலும் உறக்கத்திலும் உண்டாகின்றன என்பதை மருத்துவர்களும் அறிந்துகொண்டனர். உறைவிடம், தொழில், வாழும் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விட்டு நில்லா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். தமிழரான ஏசுதாசன் பெரியண்ணன் என்றும், ஸ்காட்லாந்தினரான பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். அன்னிய ஆட்சி நிலவிய காலத்தில் தமிழர் மூத்தவராகவும் ஐரோப்பியர் இளையவராகவும் நின்றது ஒரு சமூக அறிக்கையாகவே அமைந்தது. நம் பொருளுக்கு வேறொன்றும் இதில் உண்டு. கண்காணிப்பாளர், மேலாளர், வார்டன் என்னும் பட்டங்கள் ஒருவர் பதவி விலகியதும் முடிந்துவிடும். அண்ணன் என்னும் பெயருக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. குலம் என்னும் சொல்லைப் பிறப்பிலிருந்து விடுவித்து அன்பின்மீது நிறுவியதே அந்த ஆசிரமம் நமக்கு விட்டுச்சென்ற இறையியல்.

4. மூன்று தேவைகள்

(அ) உறைவிடம்: வளரிளம் பருவத்தினருக்குப் பெரிய இல்லத்தைவிடச் சிறிய வீடே ஏற்றது. நூறு பேருக்கு மணியடித்துச் சோறு போடும் இடத்தில் வளர்ந்தவர், அரிசி என்ன விலை என்றும், மின்கட்டணம் எங்கே செலுத்துவது என்றும் அறியாமலே வெளியேறுகின்றார். ஆறேழு பேர் வாடகை வீட்டில் தாமே சமைத்து, கணக்கு எழுதி, முறை வைத்துப் பெருக்கி வாழும்போது வீடே பள்ளியாகின்றது. அங்கே பூட்டிய பெட்டியொன்று ஒவ்வொருவருக்கும் இருத்தல் வேண்டும். தன்னுடையது என ஒன்றும் இராதவர் பிறருடையதை மதிக்கக் கற்பது கடினம்.

(ஆ) கல்வி: இடைநின்றவர்களை மீண்டும் ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சில் அமர்த்துவது எப்போதும் இயலாது. திறந்தநிலைப் பள்ளி, தனித்தேர்வு, தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவை மாற்று வழிகள். ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. தோல் ஷாப்பு அருகில் இருக்கின்றது என்பதற்காகவே ஆதரவற்ற பிள்ளையை அங்கு அனுப்புதல் எளிது. ஆனால் தோலைத் தொடும் வேலையைச் சாதியோடு பிணைத்து வைத்த சமுதாயம் இது. தலித் குடும்பத்தில் பிறந்த பிள்ளையைச் சுண்ணாம்புத் தொட்டியருகே எடுபிடியாக நிறுத்திவிட்டு, அதனை மறுவாழ்வு என்று சபை அழைக்குமாயின், சாதி வகுத்த பாதையைத் திருச்சபையே செப்பனிட்டதாகும். தோல் தொழிலே இழிவு என்பதன்று இதன் பொருள். 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தொழிலை ஓர் அறிவியலாக வளர்த்துள்ளது. காலணி வடிவமைப்பு, இயந்திரப் பராமரிப்பு, ஆய்வுக்கூடச் சோதனை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எனப் பயின்று செய்யும் வேலைகள் பல உண்டு. ஓர் இளைஞன் இத்தொழிலுக்குள் விரும்பி நுழைய வேண்டும். பயிற்சியோடு நுழைய வேண்டும். வேண்டாமெனில் வேறு வழியும் அவனுக்கு இருத்தல் வேண்டும்.

(இ) வாழ்க்கைத் திறன்: இச்சொல் பெரிதாகத் தோன்றினும் பொருள் எளியது, தாய் தந்தையர் பேச்சோடு பேச்சாகக் கற்பிப்பவற்றைக் கற்பிக்க வேறெவரும் இல்லாதவருக்குக் கற்பிப்பதே அது. ஊதியச் சீட்டைப் படித்து வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடித்த தொகையைப் புரிந்துகொள்ளுதல், மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்காதிருத்தல், காய்ச்சல் வந்தால் எங்கே செல்வது, மேலதிகாரி திட்டினால் அன்றே வேலையை விட்டுவிடாமல் எவ்வாறு பேசுவது, மதுவை நீட்டும் நண்பனிடம் எவ்வாறு மறுப்பது, ஆண் பெண் உறவில் மதிப்பும் எல்லையும் எவை என்பன இதில் அடங்கும்.

இவற்றோடு ஆவணங்களையும் சேர்த்தெண்ண வேண்டும். ஆதார், பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை இல்லாதவருக்கு உதவித்தொகையும் இல்லை, கல்லூரியும் இல்லை. பத்து வயதிற்கு முன் பெற்றோரை இழந்து, காப்பாற்ற எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பு பெற்ற இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர் என்பதைப் பல இல்லங்களின் பொறுப்பாளர்களே அறிவதில்லை. பதினெட்டாம் வயதிற்குப் பின் இச்சான்றுகளுக்காக அலைவதைவிடப் பதினைந்தாம் வயதிலேயே தேடத் தொடங்குதல் நன்று.

5. திருமறை காட்டும் நெறி

உபாகமம் 15ஆம் அதிகாரம், ஆறு ஆண்டுகள் உழைத்த அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்கும்போது வெறுங்கையாய் அனுப்பலாகாது எனக் கட்டளையிடுகின்றது. ஆட்டு மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாகக் கொடுத்தனுப்ப வேண்டும். இம்மூன்றும் வெறும் உணவல்ல. புதிய வாழ்வைத் தொடங்குவதற்கான முதல். இஸ்ரவேலரும் ஒருகாலத்தில் எகிப்தில் அடிமைகளாயிருந்தனர் என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். ஆகவே விடுதலை என்பது வாயிலைத் திறந்துவிடுதலோடு முடிவதன்று. வாயிலுக்கு அப்பால் நிற்பதற்கான வலிமையைக் கொடுத்தலும் அதில் அடங்கும். ஆபிரகாமின் துருத்தியையும் உபாகமத்தின் களத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், இறைமக்களின் மனச்சான்று வளர்ந்த தூரம் புலனாகும்.

அப்போஸ்தலர் நடபடிகள் மற்றொரு காட்சியைத் தருகின்றது. யோப்பாவில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். செத்த விலங்கின் தோலைத் தொடுவதால் யூத சமுதாயத்தில் அத்தொழிலோர் தாழ்வாக எண்ணப்பட்டனர். அந்த வீட்டின் மேல்மாடியில்தான் தீட்டென்று எதையும் ஒதுக்கலாகாது என்னும் தரிசனத்தைப் பேதுரு பெற்றார். திருச்சபை புறவினத்தாருக்குத் திறக்கப்பட்ட வரலாறு, தோல் தொழிலாளி ஒருவர் விருந்தினருக்குத் திறந்த கதவிலிருந்து தொடங்குகின்றது. தோல் தொழிலாளர் நிறைந்த நம் சபைகள் தம்மை உதவி பெறுவோராக மட்டும் கருத வேண்டியதில்லை. இடமளிக்கும் வரம் அவர்களுக்கும் அளிக்கப்பட்டுள்ளது.

6. சபைகள் செய்யத்தக்கவை

முதலாவது, சட்டத்திற்குட்பட்டுச் செயற்படுதல். ஆதரவின்றி வந்த 18 வயதிற்குட்பட்ட பிள்ளையை இரக்கத்தால் ஆலய வளாகத்தில் வைத்துக்கொள்வது பிள்ளைக்கும் சபைக்கும் தீங்காக முடியலாம். 1098 என்னும் எண்ணிற்குத் தெரிவித்து, 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழு முன்னர்ப் பிள்ளையை நிறுத்துதல் வேண்டும். பதிவு பெறாத இல்லம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். தகுதியுள்ள குடும்பங்கள் 44ஆம் பிரிவின்கீழ் வளர்ப்புக் குடும்பமாக ஏற்கப்பெறலாம்.

இரண்டாவது, நம் போர்டிங்குகளும் இல்லங்களும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அனுப்பிவைக்கும் திட்டம் ஒன்றை முன்கூட்டியே வகுத்தல். எவ்வளவு பேரைச் சேர்த்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். சென்ற மூன்றாண்டுகளில் வெளியேறியவர்கள் இன்று எங்கே உறங்குகிறார்கள் என்றும் அவ்வறிக்கை கூறட்டும்.

மூன்றாவது, 18 வயது கடந்தோருக்குக் குழு வீடு ஒன்றைப் பல சபைகள் இணைந்து நடத்துதல். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி லுத்தரன் சபைகளும் வேலூர்ப் பேராயச் சபைகளும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டியெழுப்பியவை. ஒரு வாடகை வீடு அவற்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. பாதுகாப்பு விதிகளை எழுத்தில் வகுத்துக் கடைப்பிடித்தலும் இன்றியமையாதது.

நான்காவது, அண்டை அயலாரோடு இணைதல். இப்பகுதித் தோல் வணிகத்தில் முன்னின்ற இசுலாமியச் சமுதாயம் 1919இல் வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரியை நிறுவியது. அனாதைகளைப் பேணுதல் அவர்தம் சமயத்திலும் தலையாய கடமை. யத்தீம்கானா என்னும் சொல் இவ்வூர்களில் எவரும் அறிந்தது. பயிற்சியும் முறையான வேலையும் ஏற்படுத்துவதில் அவர்களோடு ஒத்துழைத்தல் நற்சாட்சியேயாகும்.

ஐந்தாவது, ஒவ்வோர் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் சபையில் ஒரு குடும்பம் உறவாக நிற்றல். பண்டிகைக்குச் செல்ல ஒரு வீடு, வேலை விண்ணப்பத்தில் எழுத ஒரு முகவரி, மருத்துவமனையில் கையெழுத்திட ஒருவர், திருமணத்தில் மணமக்களின் பக்கம் நிற்கப் பெரியவர் இருவர். இவை பணத்தால் ஆகாதவை. ஆனால் இவை இல்லாதபோது பணத்தால் செய்தவை யாவும் வீணாகின்றன.

இறையியல் மாணவர் இப்பகுதியில் களப்பணிக்குச் செல்லும்போது, எத்தனை இல்லங்கள் உள்ளன என்று கேட்பதோடு நில்லாமல், அங்கிருந்து சென்றவர்களைத் தேடிக் காணல் வேண்டும். அவர்கள் கூறுவதே நம் பணியின் உண்மையான மதிப்பீடு. கடவுள் கேட்டது அனுப்பியவரின் விளக்கத்தை அன்று, அனுப்பப்பட்ட பிள்ளையின் குரலையே.